கடைசிப் பக்கத்துக் கையெழுத்துகள்: பழைய எபிரேய நூல்களும் அவற்றைத் தேடுபவர்களும்

16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் அச்சான எபிரேயப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால், விவரம் தெரிந்த சேகரிப்பாளர் முகப்பைப் பார்த்த கையோடு கடைசிப் பக்கத்தைத் திருப்புவார். நூல் முடிந்த இடத்துக்குக் கீழே, வெவ்வேறு மையில், வெவ்வேறு ஆண்டுகளைக் குறித்து, இரண்டு மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கக்கூடும். தொமெனிக்கோ ஜெரோசொலிமித்தானோ, லூயிஜி தா பொலோன்யா, கமில்லோ யாகேல் என்று அந்தப் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். இவர்கள் நூலாசிரியர்களும் இல்லை, உரிமையாளர்களும் இல்லை. திருச்சபைக்காகவும் அந்தந்த ஊர் ஆட்சியாளர்களுக்காகவும் யூத நூல்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, ஆட்சேபணைக்குரியது என்று பட்ட வரிகளை மையால் அடித்த தணிக்கையாளர்கள். அந்த வேலைக்கான கூலியையும் பெரும்பாலும் புத்தகத்தின் சொந்தக்காரரே கொடுக்க வேண்டியிருந்தது.

உள்ளே போனால் அடிக்கப்பட்ட வரிகள் தென்படும். தணிக்கையாளர் பயன்படுத்தியது இரும்புச் சத்து கலந்த எழுத்து மை. நாளாக நாளாக அது பழுப்பேறி வெளுத்துவிட்டது. அச்சு மை கரியும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியது, அது வெளுப்பதில்லை. ஆகவே 400 ஆண்டுகளுக்கு முன் மறைக்கப்பட்ட வாக்கியங்களைப் பல பிரதிகளில் இன்று வெறும் கண்ணாலேயே படிக்க முடிகிறது. மையை அள்ளிப் பூசிய இடங்களில் மட்டும் தாள் அரித்து ஓட்டையாகிவிட்டது.

பழைய புத்தகச் சந்தையில் பொதுவாகக் கறையில்லாத பிரதிக்குத்தான் விலை. எபிரேய நூல்களிலும் நல்ல நிலையில் உள்ள பிரதியை எல்லோரும் விரும்புவார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் இங்கே கறையும் கிறுக்கலும் முத்திரையும் புத்தகத்தின் வரலாற்றில் பாதி. எந்த ஊரில் அச்சானது, ஏன் அங்கே அச்சானது, எந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், யார் தடுத்தார்கள், யார் பிடுங்கினார்கள் என்பதெல்லாம் அந்தப் பிரதியிலேயே பதிந்து கிடக்கிறது. அதைப் படிக்கத் தெரியாமல் பழைய எபிரேய நூல்களை வாங்குபவர், பாதிப் புத்தகத்துக்கு முழு விலை கொடுக்கிறார் என்பதே என் எண்ணம்.

சரி, கதை எங்கே தொடங்குகிறது? குட்டன்பர்க்கின் அச்சு ஜெர்மனியிலிருந்து இத்தாலிக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, ரோமில் ஒபதியா, மனாசே, பெஞ்சமின் என்ற மூவர் எபிரேய நூல்களை அச்சிட்டார்கள். 1469க்கும் 1473க்கும் இடைப்பட்ட காலம் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். நூல்களில் தேதி இல்லை. தேதியோடு நமக்குக் கிடைத்திருக்கும் முதல் எபிரேய அச்சுநூல், இத்தாலியின் தென்கோடியில் உள்ள ரெஜ்ஜோ கலாப்ரியாவில் ஆபிரகாம் பென் கார்தோன் என்பவர் 1475 பிப்ரவரியில் அச்சிட்ட நூல். விவிலியத்தின் தொடக்கமான மோசேயின் ஐந்து நூல்களுக்கு, இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி எழுதிய உரை அது. இன்று அதற்குத் தெரிந்த ஒரே பிரதி பார்மா நகரத்தின் பலத்தீனா நூலகத்தில் இருக்கிறது, அதுவும் முழுமையாக இல்லை. அதே 1475 ஜூலையில், வட இத்தாலியின் பியோவே தி சாக்கோவில் மெஷுல்லாம் கூஸியின் அச்சகம், யூதச் சட்டத் தொகுப்பான 'அர்பா தூரிம்' நூலை முடித்தது. மாந்துவாவில் மருத்துவர் ஆபிரகாம் கொனாத் நடத்திய அச்சகத்தில் அவர் மனைவி எஸ்தெல்லினாவும் வேலை செய்தார். ஒரு நூலின் முடிவுக் குறிப்பில் தன் பெயரைத் தானே போட்டிருக்கிறார். அச்சு வரலாற்றில் பெயர் தெரிந்த முதல் பெண்களில் அவர் ஒருவர்.

கார்தோனின் அந்த உரைநூல் இன்னொரு பழக்கத்தையும் தொடங்கி வைத்தது. ஸ்பெயின் யூதர்களின் சாய்வான கையெழுத்தை மாதிரியாக வைத்து அவர் எழுத்துகளை வார்த்திருந்தார். பின்னால் வந்த அச்சகங்கள் மூலத்துக்குச் சதுர எழுத்தும் உரைக்கு இந்தச் சாய்வு எழுத்தும் என்று பிரித்துக்கொண்டன. பார்த்தவுடனே எது மூலம், எது உரை என்று தெரிய வேண்டும் அல்லவா. அந்த எழுத்துக்கு 'ராஷி எழுத்து' என்ற பெயரே நிலைத்துவிட்டது. பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்து 1105இல் மறைந்த ராஷி அந்த எழுத்தில் ஒரு வரிகூட எழுதியதில்லை.

1500ஆம் ஆண்டு வரை அச்சான எபிரேய நூல்கள் என்று இன்று கணக்கில் உள்ளவை ஏறக்குறைய 140 பதிப்புகள்தான். லத்தீனில் அதே காலத்தில் வந்த பல்லாயிரம் பதிப்புகளோடு ஒப்பிட்டால் இது ஒரு கைப்பிடி. அதிலும் பலவற்றுக்கு ஒன்றிரண்டு பிரதிகளே மிச்சம், சிலவற்றுக்குச் சில தாள்கள் மட்டுமே. இதற்குக் காரணங்கள் உண்டு. ஒன்று, இவை அலமாரியில் அழகுக்கு வைத்த நூல்கள் அல்ல. ஜெப நூல், பாஸ்கா இரவில் குடும்பமே உட்கார்ந்து படிக்கும் 'ஹகதா', யூதச் சட்டமும் விவாதமும் அடங்கிய பெருந்தொகுப்பான தால்முத்தில் பையன்கள் பாடம் படித்த பகுதி என்று கை மாறி மாறித் தேய்ந்தவை. தேய்ந்த நூலைக் குப்பையில் போடுவது யூத வழக்கத்தில் இல்லை. கடவுளின் பெயர் தாங்கிய தாள் என்பதால் அதைத் தனி அறையில் சேர்த்து வைப்பார்கள், அப்புறம் மண்ணில் புதைத்துவிடுவார்கள். மற்றக் காரணங்கள் நெருப்பும் நாடு கடத்தலும்.

ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். குவாதலஹாராவில் 1476 முதலே எபிரேய அச்சு நடந்தது. போர்ச்சுகல் நாட்டின் முதல் அச்சுநூலே எபிரேய நூல்தான்: ஃபாரோ நகரத்தில் சாமுவேல் காகோன் 1487இல் வெளியிட்ட மோசேயின் ஐந்து நூல்கள். தெரிந்த ஒரே பிரதி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1492இல் ஸ்பெயின் தன் யூதர்களை வெளியேற்றியது. 1497இல் போர்ச்சுகல் அவர்களைக் கட்டாய மதமாற்றத்துக்கு ஆளாக்கியது. இருபது ஆண்டுகளாக வளர்ந்த தொழில் ஒரேயடியாக முடிந்தது. ஆனால் தொழில் தெரிந்தவர்களோடு தொழிலும் கப்பலேறியது. 1493 டிசம்பரில், வெளியேற்றம் நடந்து ஒன்றரை ஆண்டுக்குள், தாவீது, சாமுவேல் இப்ன் நாமியாஸ் சகோதரர்கள் கான்ஸ்டாண்டிநோபிளில் 'அர்பா தூரிம்' நூலை அச்சிட்டு முடித்தார்கள். ஓட்டோமான் பேரரசில் எந்த மொழியிலும் அச்சான முதல் புத்தகம் அதுதான். எந்த அரசும் மானியம் கொடுத்துத் தொடங்கிய அச்சகம் இல்லை அது; நாடிழந்து வந்தவர்கள் நடத்தியது.

இந்த அலைச்சலுக்கு முழு உதாரணம் சொன்சினோ குடும்பம். மிலானுக்குக் கிழக்கே உள்ள சொன்சினோ என்ற சிற்றூரின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டவர்கள். 1484இல் தால்முத்தின் 'பெராகோத்' பகுதியை வெளியிட்டார்கள். மூலம் நடுவில் பெரிய எழுத்தில், உள் ஓரத்தில் ராஷியின் உரை, வெளி ஓரத்தில் பிற்கால உரையாசிரியர்களின் விவாதம் என்று அவர்கள் அமைத்த பக்கம், சிறு மாற்றங்களோடு இன்றைக்கும் அப்படியே வருகிறது. 1488இல் உயிர்க்குறிகளோடு கூடிய முதல் முழு எபிரேய விவிலியமும் அவர்களுடையதே. அந்தக் குடும்பத்தின் கெர்ஷோம் சொன்சினோ 1494இல் பிரேஷாவில் கைக்கு அடக்கமாக ஒரு விவிலியம் போட்டார். மார்ட்டின் லூதர் பயன்படுத்திய எபிரேய விவிலியம் அந்தப் பதிப்புதான். அவருடைய பிரதி பெர்லினில் பாதுகாக்கப்படுகிறது. கெர்ஷோமோ ஊர் ஊராக அலைந்தார். பிரேஷா, பார்கோ, ஃபானோ, பேசாரோ, ஓர்தோனா, ரிமினி என்று இத்தாலி முழுக்க அச்சுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், கடைசியில் சலோனிகாவுக்கும் கான்ஸ்டாண்டிநோபிளுக்கும் போனார். 1534இல் அங்கேயே இறந்தார். ஒரே அச்சகத்தாரின் நூல்களை ஊர்வாரியாகச் சேர்ப்பது என்று சிலர் இறங்கிவிடுவதற்கு இவர் ஒரு காரணம். நூல்களை வரிசையாக அடுக்கினால் ஒரு மனிதரின் வாழ்க்கை வரைபடமே வந்துவிடும்.

கெர்ஷோமை இத்தாலியில் தொழில் செய்ய முடியாமல் ஆக்கிய போட்டியாளர் ஒரு கிறிஸ்தவர். ஆண்ட்வெர்ப்பிலிருந்து வெனிஸுக்கு வந்த வணிகர் தானியேல் பாம்பர்க். வெனிஸில் யூதர் சொந்தமாக அச்சகம் நடத்த அனுமதி இல்லை. எபிரேய நூல்களுக்கோ ஐரோப்பா எங்கும் வாங்க ஆள் இருந்தது. பாம்பர்க் பணமும் உரிமமும் கொண்டுவந்தார். அறிவும் உழைப்பும் யூதர்களுடையவை. தன்னிடம் வேலை பார்த்த யூதர்கள் மஞ்சள் தொப்பி அணிய வேண்டாம், எல்லோரையும்போல் கறுப்புத் தொப்பி அணியலாம் என்று ஆட்சியாளர்களிடம் தனி அனுமதியே வாங்கினார். யூதர்களை ஒரு தீவுக்குள் அடைத்து வெனிஸ் கெட்டோவை உருவாக்கியது 1516இல். அடுத்த ஆண்டே பாம்பர்க்கின் அச்சகத்திலிருந்து, ரபிகள் எனப்படும் யூத மதகுருக்களின் உரைகளோடு கூடிய முதல் ரபினிய விவிலியம் வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு, யாக்கோபு பென் ஹயீம் பதிப்பித்தது, 1524-25இல் வந்தது. அடுத்த 400 ஆண்டுகளுக்கு எபிரேய விவிலியப் பதிப்புகள் அதைத்தான் ஆதாரமாகக் கொண்டன.

எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய பாபிலோனியத் தால்முத். 1519இல் தொடங்கி 1523இல் முழுமையாக முடிந்தது. தால்முத் முழுவதும் ஒரே அமைப்பில் அச்சேறியது அதுவே முதல் முறை. அதற்கு முன் ஆளுக்கொரு கையெழுத்துப் பிரதி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு பக்கம். பாம்பர்க்கின் பதிப்புக்குப் பிறகு, ஒரு பகுதியின் பெயரையும் தாள் எண்ணையும் முன்பக்கமா பின்பக்கமா என்பதையும் சொன்னால் போதும். போலந்தில் இருப்பவரும் மொராக்கோவில் இருப்பவரும் ஒரே இடத்தைத் திறந்துவிடலாம். அந்தத் தாள் எண்கள் இன்று வரை மாறவில்லை. உலகமெங்கும் நாளுக்கு ஒரு தாள் என்று தால்முத் படிப்பவர்கள் 500 ஆண்டுகளுக்கு முன் வெனிஸில் போட்ட எண்ணைத்தான் பின்பற்றுகிறார்கள்.

இந்தப் பதிப்பின் ஒரு பிரதிக்கு நேர்ந்த கதையைச் சொல்லாமல் சேகரிப்பைப் பற்றிப் பேச முடியாது. 1956இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சி ஒன்றில், ஜாக் லன்சர் என்ற, தொழிற்சாலைகளுக்கான வைரங்களின் வணிகர், வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்துக்குச் சொந்தமான பாம்பர்க் தால்முத்தைப் பார்த்தார். ஏறக்குறைய கை படாத நிலையில் முழுத் தொகுதிகள். விலைக்குத் தருவதாக மடாலயம் இல்லை. லன்சர் விடவில்லை. பல ஆண்டுகள் கழித்து, அந்த மடாலயத்தின் 900 ஆண்டுப் பழைய சாசனம் ஒன்றின் நகல் விற்பனைக்கு வந்தது. அதை வாங்கி மடாலயத்துக்குக் கொடுத்து, 1980இல் தால்முத்தைப் பெற்றுக்கொண்டார். அவர் உருவாக்கிய வால்மடோனா நூலகம் சுமார் 13,000 நூல்கள் கொண்டதாக வளர்ந்தது. 2015 டிசம்பரில் நியூயார்க் சாதபீஸ் ஏலத்தில் அந்தத் தால்முத் மட்டும் 93 லட்சம் டாலருக்குப் போனது. மற்ற நூல்களில் பெரும்பகுதி 2017இல் இஸ்ரேல் தேசிய நூலகத்துக்குச் சேர்ந்தது. அந்தத் தொகுப்பு துண்டு துண்டாகச் சிதறாமல் போனதில் எனக்குப் பெரிய நிம்மதி. தனியார் கையில் ஒரு தலைமுறை சேர்ந்த நூலகம் அடுத்த தலைமுறையில் ஐம்பது இடத்துக்குப் பிரிந்துபோவதே வழக்கம்.

அந்தப் பிரதி ஏன் அவ்வளவு அரிது என்று கேட்டால், பதில் 1553இல் இருக்கிறது. அது ஒரு வியாபாரச் சண்டையிலிருந்து கிளம்பியது. வெனிஸில் பாம்பர்க்குக்குப் பின் ஜுஸ்தினியானி, பிராகாதின் என்ற இரண்டு பிரபு குடும்பங்கள் எபிரேய அச்சில் போட்டியிட்டன. பாதுவாவின் ரபி மெயீர், இடைக்கால யூத அறிஞர் மைமோனிடீஸின் சட்டத் தொகுப்பைத் தன் குறிப்புகளோடு 1550இல் பிராகாதினிடம் அச்சிட்டார். உடனே ஜுஸ்தினியானி அதே நூலை மலிவாகப் போட்டுப் போட்டியில் இறக்கினார். ரபி மெயீர் கிராக்கோவில் இருந்த ரபி மோசே இசர்லெஸிடம் முறையிட்டார். ஜுஸ்தினியானியின் பதிப்பை யாரும் வாங்கக் கூடாது என்று அவர் தீர்ப்பளித்தார். பதிப்புரிமை பற்றிய யூதச் சட்ட வரலாற்றில் இன்றும் பேசப்படும் தீர்ப்பு அது. சண்டை அதோடு நிற்கவில்லை. இரு தரப்பும் ரோம் வரை போய், எதிராளியின் நூல்களில் கிறிஸ்தவத்துக்கு எதிரான கருத்துகள் உள்ளன என்று குற்றம் சாட்டினார்கள். மதம் மாறிய சில யூதர்களும் சாட்சி சொன்னார்கள். விசாரணை மைமோனிடீஸை விட்டுத் தால்முத் மேல் திரும்பியது. 1553 செப்டம்பர் 9, யூதப் புத்தாண்டு நாளன்று, ரோமின் காம்போ தெ ஃபியோரி சதுக்கத்தில் தால்முத் பிரதிகள் குவித்து எரிக்கப்பட்டன. அக்டோபரில் அச்சின் தலைநகரான வெனிஸிலேயே சான் மார்க்கோ சதுக்கத்தில் எரித்தார்கள். 1559இல் கிரெமோனாவிலும் எரிந்தன. வெனிஸில் எபிரேய அச்சு பத்தாண்டு நின்றுபோனது.

தப்பியவற்றுக்குத் தணிக்கை வந்தது. பாசல் நகரத்தில் 1578 முதல் 1581 வரை ஃப்ரோபன் அச்சிட்ட தால்முத்தில், பிற மத வழிபாட்டைப் பற்றிய 'அவோதா சாரா' பகுதியே இல்லை. பல வரிகளும் மாற்றப்பட்டன. ஏற்கெனவே வீடுகளில் இருந்த நூல்களைச் சரிபார்க்கத்தான் முதலில் சொன்ன கையெழுத்துக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் தொமெனிக்கோ ஜெருசலேமில் பிறந்த யூதர், ரபினியக் கல்வி பெற்றவர், மதம் மாறிய பின் இந்த வேலைக்கு வந்தவர். எந்த நூலில் எந்த வரியை அடிக்க வேண்டும் என்று 1596இல் ஒரு பட்டியலே தயாரித்தார். அச்சிடும்போதே நீக்கப்பட்டதா, அச்சான பின் கையால் அடிக்கப்பட்டதா என்பதைப் பிரித்தறிவது சேகரிப்பாளருக்கு அவசியம். 1553க்கு முந்தைய பதிப்புகளுக்குத் தனி மதிப்பு இருப்பது வயதினால் மட்டுமல்ல, அவற்றில் வெட்டுப்படாத பாடம் இருப்பதனாலும்தான்.

அடுத்த நூற்றாண்டில் மையம் ஆம்ஸ்டர்டாமுக்கு நகர்ந்தது. போர்ச்சுகலிலிருந்து தப்பி வந்தவர்களின் ஊர் அது. மெனாசே பென் இஸ்ரேல் 1627இல் அங்கே முதல் எபிரேய அச்சகத்தைத் தொடங்கினார். ஜோசப் அதியாஸின் விவிலியப் பதிப்பைப் பாராட்டி டச்சு ஆட்சி அவருக்குத் தங்கச் சங்கிலி அளித்தது. எழுத்து வார்ப்பு, தாள், திருத்தம் எல்லாவற்றிலும் ஆம்ஸ்டர்டாம் நூலுக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை வைத்து மற்ற ஊர்க்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். முகப்பில் 'ஆம்ஸ்டர்டாம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உற்றுப் பார்த்தால் அதன் அருகே பொடி எழுத்தில், 'ஆம்ஸ்டர்டாம் எழுத்துகளால் அச்சிடப்பட்டது' என்ற பொருளில் மிச்ச வார்த்தைகள் இருக்கும். உண்மையான ஊர்ப் பெயர் இன்னும் கீழே, அதைவிடப் பொடியாக. புதிதாக வாங்குபவர்கள் இன்றும் ஏமாறும் இடம் இது.

ஆம்ஸ்டர்டாமின் 1695ஆம் ஆண்டு ஹகதா சேகரிப்பாளர்களின் கனவு. செப்புத் தகட்டில் செதுக்கிய படங்கள் கொண்டது. செதுக்கிய ஆபிரகாம் பார் யாக்கோப் கிறிஸ்தவ போதகராக இருந்து யூதராக மாறியவர். நூலின் இறுதியில் எகிப்திலிருந்து கானான் வரையிலான பயணத்தைக் காட்டும் வரைபடம் மடித்து வைத்துக் கட்டப்பட்டிருக்கும். பல பிரதிகளில் அந்த வரைபடத்தை யாரோ கிழித்துத் தனியாக விற்றுவிட்டார்கள். வரைபடத்தோடு கூடிய பிரதிக்கும் இல்லாததற்கும் விலையில் பெரிய வேறுபாடு உண்டு.

நம் பக்கத்துக் கடற்கரைக்கும் ஆம்ஸ்டர்டாமோடு உறவு இருந்தது. கொச்சி யூதர்கள் தங்கள் வழிபாட்டு முறைப்படி அமைந்த ஜெப நூலை 1757இல் ஆம்ஸ்டர்டாமில் புரோப்ஸ் குடும்பத்தாரின் அச்சகத்தில்தான் அச்சிட்டு வாங்கினார்கள். கொச்சியை அப்போது டச்சுக் கம்பெனி ஆண்டது. மிளகு போன வழியிலேயே ஜெப நூலும் வந்தது. 1840களில் கொச்சியிலிருந்து போன எலியேசர் இராக்கி ஹ கோஹேன் கல்கத்தாவில் எபிரேய அச்சகம் நடத்தினார். இந்த இந்தியப் பதிப்புகள் மிகக் குறைந்த எண்ணிக்கையில் அச்சானவை. ஈரமும் பூச்சியும் பாதியைத் தின்றுவிட்டன.

கிழக்கு ஐரோப்பாவைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. இன்றைய உக்ரைனில் உள்ள ஸ்லாவித்தாவில் ஷபிரா சகோதரர்கள் நடத்திய அச்சகத்தின் தால்முத்தை, யூதப் பக்தி இயக்கத்தாரான ஹசிதியர்கள் புனிதமாகவே போற்றினார்கள். 1835இல் வில்னாவில் (இன்றைய வில்னியஸ்) அச்சகம் நடத்திய 'ரோம்' என்ற பெயர் கொண்ட குடும்பம் போட்டியாகத் தால்முத் வெளியிட இறங்கியபோது, ரபிகள் முன்பு கொடுத்த தனியுரிமை செல்லுமா செல்லாதா என்று பெரிய வழக்கே நடந்தது. அதே ஆண்டு ஸ்லாவித்தா அச்சகத் தொழிலாளி ஒருவர் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட, பழி சகோதரர்கள் மேல் விழுந்தது. இரு வரிசைச் சிப்பாய்களுக்கு நடுவே நடத்திச் சவுக்கால் அடிக்கும் தண்டனை அவர்களுக்குக் கிடைத்தது. 1836இல் ஜார் அரசு, இரண்டே இரண்டு தவிரப் பேரரசின் எபிரேய அச்சகங்கள் அனைத்தையும் மூடியது. முகப்பில் சிவப்பு மை ஏறிய ஸ்லாவித்தா நூல்களுக்கு இன்று ஏலத்தில் இருக்கும் போட்டிக்கு அழகும் அரிதும் மட்டும் காரணமில்லை, அந்தத் துயரமும்தான். ரோம் குடும்பத்தின் அச்சகம் 1880க்கும் 1886க்கும் இடையே வெளியிட்ட வில்னா தால்முத்தோ இன்று வரை படமெடுத்து மறு அச்சாகிக்கொண்டே இருக்கிறது.

இனி ஒரு பிரதியை எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருவோம். முதல் சிக்கல் ஆண்டு. எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் எண் மதிப்பு உண்டு. அச்சகத்தார் பொருத்தமான ஒரு விவிலிய வசனத்தை முகப்பில் போட்டு, அதில் சில எழுத்துகளை மட்டும் பெரிதாக அமைப்பார்கள், அல்லது மேலே புள்ளி வைப்பார்கள். அவற்றைக் கூட்டினால் ஆண்டு வரும், ஆயிரங்களை விட்டுவிட்டு. 235 என்று வந்தால் அது 5235. நூற்றுக்கணக்கில் வரும் அந்த எண்ணோடு 1240ஐக் கூட்டினால் நம் ஆண்டு: 1475. யூதப் புத்தாண்டு செப்டம்பர், அக்டோபரில் பிறப்பதால், ஆண்டின் தொடக்க மாதங்களில் முடிந்த நூலுக்கு ஒன்று குறைத்துக்கொள்ள வேண்டும். பெரிய எழுத்து எது, சாதா எழுத்து எது என்று தேய்ந்த அச்சில் குழப்பம் வரும். பழைய அட்டவணைகளில் நூறு ஆண்டு முன்பின் போட்ட தவறுகள்கூட உண்டு. ஆகவே எண்ணைக் கூட்டிப் பார்த்ததோடு நிற்காமல், முன்னுரையில் உள்ள ரபிகளின் ஒப்புதல் கடிதங்களின் தேதியையும் ஒத்துப் பார்ப்பது நல்லது. 1554இல் ஃபெராராவில் கூடிய ரபிகள், மூன்று ரபிகளின் ஒப்புதல் இல்லாமல் நூல் அச்சிடக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். அதிலிருந்து பரவிய இந்தக் கடிதங்கள் தேதிக்கும் ஊருக்கும் நல்ல சாட்சி.

அடுத்தது முகப்புக்கு முன்னும் பின்னும் உள்ள வெற்றுத் தாள்கள். 'பூமியும் அதன் நிறைவும் ஆண்டவருடையது' என்ற விவிலியச் சங்கீத வசனத்தை எழுதி, அதன் பின்னரே தன் பெயரை எழுதுவது யூத உரிமையாளர்களின் வழக்கம். எதுவும் உண்மையில் தன்னுடையது இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகே, இந்தப் புத்தகம் என்னுடையது என்று சொல்கிறார்கள். குழந்தை பிறந்த நாள், தகப்பனார் இறந்த நாள், கடன் கொடுத்த கணக்கு எல்லாம் அங்கே இருக்கும். ஹகதா நூல்களில் திராட்சை ரசம் சிந்திய கறை இல்லாத பிரதியைக் காண்பது அரிது. இவற்றை ரசாயனம் போட்டு வெளுத்து, ஓரங்களை வெட்டி, புதிய தோல் அட்டை போட்டுத் தரும் வியாபாரிகள் உண்டு. என்னைக் கேட்டால் அது சேதம், பழுதுபார்ப்பு அல்ல. அட்டையைப் பிரிப்பதிலும் அவசரம் கூடாது. இத்தாலியில் எரியாமல் பறிமுதலான எபிரேயத் தோல்சுவடிகளைக் கிழித்து மற்ற நூல்களுக்கும் கணக்கேடுகளுக்கும் அட்டையாகப் போட்டார்கள். ஆவணக் காப்பகங்களில் அப்படி ஆயிரக்கணக்கான துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அட்டைக்குள் ஒட்டிய பழந்தாள் சில சமயம் புத்தகத்தை விட அரியது.

குறைபாடுள்ள இரண்டு மூன்று பிரதிகளைச் சேர்த்து ஒன்றாக்குவதும் பழைய வழக்கம். முகப்புத் தாள் மட்டும் வேறு தாளில், வேறு நீர்க்குறியோடு இருந்தால் சந்தேகிக்க வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். புழு அரித்த துளை அடுத்தடுத்த தாள்களில் ஒரே கோட்டில் போக வேண்டும். நடுவில் ஒரு தாளில் துளை காணாமல் போனால், அந்தத் தாள் வேறெங்கிருந்தோ வந்தது.

பெரிய சேகரிப்பாளர்களில் என் மனத்துக்கு நெருக்கமானவர் ரபி தாவீது ஓப்பன்ஹைம். 1664இல் வோம்ஸில் பிறந்து பிராகின் தலைமை ரபியாக இருந்தவர். பிராகில் தணிக்கை கடுமையாக இருந்ததால், தன் நூலகத்தைத் தூரத்தில், மாமனார் வசித்த ஹானோவரில் வைத்திருந்தார். தன் புத்தகங்களிலிருந்து பிரிந்தே வாழ்ந்தார் என்று சொல்லலாம். 1736இல் அவர் இறந்த பின் நூல்கள் வாரிசுகளிடையே கை மாறி, ஹாம்பர்க்கில் பெட்டிகளுக்குள் பல்லாண்டு கிடந்தன. யூதத் தத்துவ அறிஞர் மோசஸ் மெண்டல்சோன் ஒரு காலத்தில் 50,000 தாலருக்குக் (பழைய ஜெர்மன் வெள்ளி நாணயம்) குறையாமல் மதிப்பிட்ட அந்த நூலகத்தை, 1829இல் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகம் வெறும் 9,000 தாலருக்கு வாங்கியது. இன்று பாட்லியனின் எபிரேயத் தொகுப்பு உலகப் புகழ் பெற்றிருப்பதற்கு அடித்தளம் அதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்தச் சந்தையில் நுழையும் யாரும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாஜிகள் யூதர்களைக் கொன்றதோடு அவர்களின் நூலகங்களையும் திட்டமிட்டுக் கொள்ளையடித்தார்கள். போருக்குப் பின் 1946இல் அமெரிக்க ராணுவம் ஃபிராங்ஃபர்ட் அருகே ஓஃபன்பாக்கில் ஒரு கிடங்கு அமைத்து, 30 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களையும் ஆவணங்களையும் பிரித்து, உரிய நாடுகளுக்கு அனுப்பியது. உரிமையாளர் எவரும் மிஞ்சாத ஏறக்குறைய 5 லட்சம் நூல்களை, யூதப் பண்பாட்டு மீட்பு அமைப்பு உலகெங்கும் உள்ள நூலகங்களுக்குப் பங்கிட்டது. அந்த அமைப்பின் செயலாளராக இருந்தவர் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட். நூலுக்குள் அந்த அமைப்பின் சிறிய சீட்டு ஒட்டியிருக்கும். ஆனால் கிடங்குக்கு வராமலே கைமாறிப் போனவையும் ஏராளம்.

அதே காலத்தில் தப்பிப் பிழைத்தவர்கள் முகாம்களில் படிக்க நூல் இல்லாமல் தவித்தார்கள். ஜெர்மனியில் இருந்த இரண்டு ரபிகள் அமெரிக்க ராணுவத்திடம் கேட்டு, ஹைடல்பர்க்கில் 1948 முதல் 19 தொகுதிகளாகத் தால்முத்தை அச்சிட்டார்கள். படமெடுப்பதற்கு நல்ல பிரதியை அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. முகப்பின் அடியில் முள்வேலி முகாம், மேலே புனித பூமியின் காட்சி. பழமையில் இது எண்பது ஆண்டைக்கூடத் தாண்டவில்லை. ஆனாலும் என் கணக்கில் இதை விட முக்கியமான எபிரேயப் பதிப்புகள் மிகக் குறைவு.

புதிதாகத் தொடங்குபவருக்கு வெனிஸும் சொன்சினோவும் எட்டாது. 19ஆம் நூற்றாண்டின் வில்னா, வியன்னா, லிவோர்னோ பதிப்புகள் இன்னும் நியாயமான விலையில் கிடைக்கின்றன. வட ஆப்பிரிக்காவுக்கும் கிழக்கே பாக்தாத், பம்பாய் வரைக்கும் ஜெப நூல்களை அனுப்பிய ஊர் லிவோர்னோ. இஸ்ரேல் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கும் நூல்களோடு உங்கள் பிரதியைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, எந்தத் தாள் குறைகிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் அதற்கும் முன்னால் முத்திரைகளைப் பாருங்கள். 1930களில் பெர்லினிலோ வில்னாவிலோ ஃபிராங்ஃபர்ட்டிலோ இருந்த ஒரு சபையின், பள்ளியின், நூலகத்தின் முத்திரை உள்ளே இருந்து, அது எப்படி வெளியே வந்தது என்பதற்கு விற்பவரிடம் பதில் இல்லையென்றால், விலை பேச வேண்டாம். அந்த நூலகத்தின் வாரிசு அமைப்பு இன்று எங்கே இருக்கிறது என்று தேடி, முதலில் அவர்களுக்கு எழுதுங்கள்.